பேஸ் கிட்டாருக்கு ஓவர்டிரைவ் பெடல்: இரவல் வாங்கிய பத்து நாள்களில் எதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது?

கேள்வி: களியக்காவிளை நான்கு தந்தி

அனைவருக்கும் வணக்கம். களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் ஏழு ஆண்டுகளாகப் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவிலும், மற்ற நாள்களில் கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார் ஆகியவற்றோடு நால்வராகச் சேர்ந்து நடத்தும் சிறு குழுவிலும் வாசிக்கிறேன். இதுவரை பெடல் எதையும் தொட்டதில்லை; குழுவில் நேராக ஆம்ப், ஆலயத்தில் டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வழியாக மிக்ஸர் என்பதே வழக்கம்.

பாறசாலையில் இருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு ஓவர்டிரைவ் பெடல்களை (ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக முறிக்கும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகளை) பத்து நாள்களுக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறார். ஒன்று கிட்டாருக்கென்று செய்யப்பட்டது. டியூப் ஸ்க்ரீமர் என்ற பெயர்பெற்ற கிட்டார் பெடலின் சுற்றைப் பின்பற்றியது என்று அவர் சொன்னார். மற்றொன்று பேஸுக்கென்றே செய்யப்பட்டது; அதில் சுத்தமான ஒலியையும் முறிந்த ஒலியையும் கலக்கும் பிளெண்ட் என்ற குமிழ் கூடுதலாக இருக்கிறது.

முதல் பெடல் வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிகவும் இனிமையாக இருந்தது. ஆனால் குழுவோடு வாசித்தபோது அடித்தளமே காணாமல் போய்விட்டது. டிரம்ஸ் வாசிப்பவர் பாட்டின் நடுவே திரும்பிப் பார்த்து, வாசிப்பதை நிறுத்திவிட்டேனா என்று கையால் கேட்டார். இரண்டாவது பெடலில் பிளெண்டை முழுவதும் வலப்பக்கம் திருப்பினால், நம் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீப் பெட்டியைத் திறந்துவிட்டதுபோல் இரைகிறது.

இவை போதாதென்று மூன்றாவதாக ஒரு தொல்லையும் இருக்கிறது. எந்தப் பெடலை இணைத்தாலும் ஜி தந்தியைத் திறந்த நிலையில் மீட்டும்போது ஒலி நடுங்குகிறது. மீட்டிய உடனே அது தெரிவதில்லை. ஒலி தேயத் தேய, வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்கிறது. தந்தியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பேஸுக்கு ஓவர்டிரைவ் உண்மையிலேயே தேவைதானா, தேவையென்றால் இந்த இரண்டில் எதை, எப்படிச் சோதித்து முடிவு செய்வது என்று அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: மார்த்தாண்டம் மிக்ஸர்

தம்பி, முதல் பெடலின் மேல் குற்றமில்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத்தான் செய்கிறது. டியூப் ஸ்க்ரீமர் சுற்றில் ஒலியைப் பெருக்கி முறிக்கும் கட்டத்தில் 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோ ஃபேரட் மின்தேக்கியும் சேர்ந்து, ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளின் பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுகின்றன. கிட்டாரின் கனத்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அந்தக் கனத்தை முறித்தால் ஒலி சேறாகிவிடும் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் இ தந்தியோ 41 ஹெர்ட்ஸ்.

முறிவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் குமிழை முழுவதும் குறைத்து வைத்தாலும் மேற்பகுதி ஏறத்தாழ 12 மடங்கு பெருக்கப்படுகிறது; 41 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட வந்தபடியே வெளியேறுகிறது. அதாவது பெடல் அடித்தளத்தை வெட்டுவதில்லை, மற்றவற்றை அதற்கு மேலே தூக்கிவிடுகிறது. பெடலை மிதித்ததும் சத்தம் கூடிவிட்டதே என்று நீங்கள் லெவல் குமிழைக் குறைக்கிறீர்கள் அல்லவா, அப்போது தூக்கப்படாத அடிப்பகுதியும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது காது அதைப் பொருட்படுத்தாது. கிக் டிரம்மும் கீபோர்டின் இடக்கையும் வந்து சேர்ந்த பிறகுதான் பள்ளம் தெரியும். கிட்டார் பெடலைப் பேஸுக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஓவர்டிரைவ் தேவையா என்று கேட்டீர்கள். ஆலயத்தில் நான் மிக்ஸரில் உட்காரும் அனுபவத்திலிருந்து சொல்கிறேன், கட்டாயம் பயன்படும். சுவரில் மாட்டியிருக்கும் ஒடுங்கிய நெட்டைப் பெட்டி ஸ்பீக்கர்களால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஈக்யூவில் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) அதை ஏற்ற ஏற்ற, பெட்டி உறுமுமே தவிர சுரம் கேட்காது. லேசான ஓவர்டிரைவ் அந்தச் சுரத்தின் 82, 123, 165 ஹெர்ட்ஸ் மேலொலிகளை (அடிச்சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வுகளை) வலுப்படுத்துகிறது. இந்த மேலொலிகள் ஒழுங்கான வரிசையில் வந்தால், அடிச்சுரம் ஸ்பீக்கரில் இல்லாமலேயே காது அதைத் தானாகக் கட்டிக்கொள்கிறது. பின்வரிசையில் இருப்பவருக்குப் பேஸ் முறிந்து ஒலிப்பதாகத் தோன்றாது. பேஸ் இப்போதுதான் கேட்கிறது என்றே தோன்றும்.

பதில்: பழைய பேஸ்காரன், நாகர்கோவில்

மேலே மிக்ஸர் அண்ணன் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். கிட்டார் பெடலே கூடாது என்பதற்கு உடன்பட மாட்டேன். அடிப்பகுதியைத் தனியாகக் காப்பாற்றிக் கொடுத்தால் அதே பெடல் பேஸுக்கும் நன்றாக உழைக்கும். தி ஹூ என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் தாழ்பகுதியை ஓர் ஆம்ப்பிலும் மேற்பகுதியை இன்னோர் ஆம்ப்பிலும் பிரித்து ஒலிக்கவிட்டார். அடியைச் சுத்தமாகவும் மேலே மட்டும் முறிந்ததாகவும் வைத்துக்கொள்ளும் அந்த வேலையைத்தான் இன்று ஒரு சிறு பெட்டிக்குள் பிளெண்ட் குமிழ் செய்கிறது. பாஸ் நிறுவனத்தின் ஓடிபி-3 பெடலில் அதற்குப் பேலன்ஸ் என்று பெயர். டெக் 21 நிறுவனத்தின் சான்சாம்ப் பேஸ் டிரைவரிலும் பின்லாந்தின் டார்க்கிளாஸ் பெடல்களிலும் பிளெண்ட் என்றே இருக்கும். பேஸ் பெடல் வாங்கச் செல்பவர் அழகையும் வண்ணத்தையும் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் குமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் குமிழ் இருந்தால் மட்டும் போதாது. சில சுற்றுகளில் முறிந்த ஒலி, சுத்தமான ஒலிக்குத் தலைகீழாக, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, வந்து சேரும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இதற்குச் சோதனை எளியது. டிரைவைக் குறைவாக வைத்துக்கொண்டு, பிளெண்டை முழு இடம், முழு வலம், நடு என்று மூன்று நிலைகளில் வைத்து இ தந்தியை ஒரே அழுத்தத்தில் மீட்டிக் கேளுங்கள். இரு ஓரங்களிலும் உடம்போடு ஒலித்த சுரம் நடுவில் மட்டும் மெலிந்தால், அந்தப் பெடலை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்ததாக, சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்யும் எந்தச் சோதனையும் சோதனையே அல்ல. சற்று உரக்க ஒலிப்பதை நல்லதென்று நம்புவது காதின் இயல்பு. நானே அப்படி ஏமாந்து, ஒரு கடையில் பெடலை வாங்கி வந்து, வீட்டில் லெவலைச் சமமாக்கியதும் வித்தியாசமே தெரியாமல் விழித்திருக்கிறேன். பெடல் அணைந்திருக்கும்போதும் எரியும்போதும் ஒரே சத்தம் வரும்படி லெவலை முதலில் திருத்துங்கள். பிறகு குழுவோடு ஒரு பாட்டை முழுவதும் வாசித்து, மிக்ஸரின் வெளியீட்டிலிருந்து நேராகப் பதிவு செய்யுங்கள். செல்போனின் மைக்கில் பதிந்தால் நீங்கள் தேடும் அடிப்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

தேனீ இரைச்சலைப் பற்றி ஒரு சொல். உங்கள் ஆம்ப்பில் ட்வீட்டர் (கூர்மையான ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) இருந்தால், அதை அணைத்துவிட்டுக் கேளுங்கள். முறிந்த ஒலியில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதெல்லாம் இரைச்சல்தான். பெரிய கோன் ஸ்பீக்கர் அதைத் தானே மழுக்கிவிடும், ட்வீட்டரோ தட்டில் வைத்துப் பரிமாறும்.

பதில்: சாலை பஜார் தமிழன், திருவனந்தபுரம்

உங்கள் மூன்றாவது தொல்லைக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் இசைக்காரன் அல்ல, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்ப்பவன். ஜி தந்தியின் அதிர்வு 98 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்னோட்டமாக மாற்றும் மலிவான அடாப்டரில் வடிகட்டல் சரியாக இல்லாவிட்டால் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தங்கிவிடும். 98-ம் 100-ம் அருகருகே ஒலித்தால் வினாடிக்கு இரண்டு அலைகள் எழுந்தாக வேண்டும். நீங்கள் சரியாக இரண்டு என்று எண்ணி எழுதியிருந்ததைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் போய்விட்டது. தந்தியின் ஒலி பெரிதாக இருக்கும்வரை ரீங்காரம் அதற்குள் மறைந்திருக்கும். தந்தி தேய்ந்து இரண்டும் ஒரே அளவுக்கு வரும்போது நடுக்கம் வெளிப்படும்.

டி தந்தியின் 5-ஆவது ஃபிரெட்டை அழுத்தி அதே சுரத்தை மீட்டிப் பாருங்கள். அங்கேயும் நடுங்கினால் தந்தி குற்றவாளி அல்ல. பின்பு அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியில் வாசியுங்கள். நடுக்கம் போனால் வழக்கு முடிந்தது. புதிய அடாப்டர் வாங்கும்போது அது ரெகுலேட்டட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். மற்ற வகையில் 9 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், சுமை குறைவாக இருக்கும்போது 12 வோல்ட்டுக்கு மேலேயும் ஏறும். இன்னொன்று, பெரும்பாலான பெடல்களுக்கு முனையின் நடுப்பகுதி மைனஸாக இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்கள் பலவற்றில் அது பிளஸ். பெடலின் பின்புறத்துப் படத்தைப் பார்க்காமல் செருகினால், இரவல் கொடுத்த நண்பரிடம் கருகிய பெட்டியைத்தான் நீங்கள் திருப்பிக் கொடுக்க நேரும்.

பதில்: களியக்காவிளை நான்கு தந்தி

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு மாலைகளைச் செலவிட்டுச் சொன்னவற்றையெல்லாம் செய்து பார்த்தேன். டி தந்தியின் 5-ஆவது ஃபிரெட்டிலும் நடுக்கம் இருந்தது. பேட்டரி போட்டதும் அடியோடு நின்றுவிட்டது. அந்த அடாப்டர் பழைய ரேடியோ ஒன்றோடு வந்தது. முனை பொருந்தவில்லை என்று அப்பா எப்போதோ வயரை வெட்டி மாற்றிச் சேர்த்திருந்தார். பெடல் தப்பியது அவர் கை ராசி என்றுதான் சொல்ல வேண்டும்.

பேஸ் பெடலின் பிளெண்ட் நடுவில் மெலியவில்லை. ட்வீட்டரை அணைத்ததும் தேனீக்கள் பாதி பறந்துவிட்டன. டிரைவை மணி ஒன்பது நிலைக்கும் பிளெண்டைப் பதினொன்றுக்கும் இறக்கியதும் மீதியும் போய்விட்டன. தனியாகக் கேட்டால் பெடல் எரிகிறதா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் மிக்ஸரிலிருந்து பதிந்த பாட்டைக் கேட்டபோது, பெடல் எரியும் பாதியில் என் விரல் ஒவ்வொரு சுரத்திலும் விழுவது தெளிவாகக் கேட்கிறது. அணைந்த பாதியில் ஒரு முனகல் மட்டுமே இருக்கிறது.

ஞாயிறன்று ஆலயத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். அங்கே ஆம்ப் இல்லை, நேராக டிஐ பாக்ஸ்தான். ட்வீட்டரை அணைக்க வழியில்லாத இடத்தில் என்ன செய்வது?

பதில்: மார்த்தாண்டம் மிக்ஸர்

பெடலை டிஐ பாக்ஸுக்கு முன்னால் வையுங்கள், தம்பி. மிக்ஸரில் ஹை குமிழை மட்டும் குறைத்தால் போதாது. அது பெரும்பாலும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழுமையாகப் பிடிக்கும். மிட் ஸ்வீப் (நடுப்பகுதியில் எந்த அதிர்வைக் கூட்டிக் குறைப்பது என்று தேர்ந்தெடுக்கும் குமிழ்) இருந்தால் அதை 4,000 ஹெர்ட்ஸ் அருகே நகர்த்திக் குறையுங்கள். அதுவும் இல்லாத மிக்ஸராக இருந்தால், உங்கள் பேஸ் கிட்டாரில் உள்ள டோன் குமிழைப் பாதிக்குமேல் மூடிவிட்டுப் பெடலின் டிரைவைச் சற்று ஏற்றுங்கள். பெடலுக்குள் நுழையும் கூர்மை குறைந்தால் வெளியே வரும் இரைச்சலும் குறையும். பேட்டரியில் வாசிப்பதாக இருந்தால், ஆராதனை முடிந்ததும் பெடலில் இன்புட் பக்கத்துக் கேபிளைப் பிடுங்கி வைக்க மறந்துவிடாதீர்கள். அது செருகியிருக்கும்வரை பெடலை மிதித்து அணைத்தாலும் பேட்டரி கரைந்துகொண்டேதான் இருக்கும்.