வெட்டுத்துண்டில் குறி மட்டும் மாறி வருகிறது, உதவுங்கள்

கடைசிபெஞ்சு:
பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. y = (3/4)x − 5/2 என்ற கோட்டைப் பொது வடிவில் எழுதி, வெட்டுத்துண்டுகளை (கோடு x, y அச்சுகளை வெட்டும் இடத்தின் மதிப்புகளை) காண வேண்டும். இருபக்கமும் 4-ஆல் பெருக்கினேன்: 4y = 3x − 10. அதிலிருந்து 3x − 4y − 10 = 0. இதுவரை விடைப்பகுதியோடு ஒத்துப்போகிறது. அப்புறம் c/a, c/b என்று போட்டால் −10/3, 5/2 வருகிறது. விடையில் 10/3, −5/2. எண்கள் சரி, குறி இரண்டிலும் தலைகீழ். எங்கே இடிக்கிறது?

சாக்பீஸ்:
c/a என்ற சூத்திரம் எங்கே கிடைத்தது தம்பி?

கடைசிபெஞ்சு:
இணையத்தில் ஒரு காணொளியில் சார். 'திட்ட வடிவம்' என்று சொல்லி நடத்தினார்கள்.

சாக்பீஸ்:
அதுதான் விஷயம். அமெரிக்கப் பள்ளிகளில் திட்ட வடிவம் என்றால் ax + by = c. மாறிலி வலப்பக்கம் இருக்கும். நம் பாடநூலில் ax + by + c = 0. உன் கோட்டை அவர்கள் 3x − 4y = 10 என்று எழுதுவார்கள்; அங்கே c = 10. நம் வழியில் c = −10. அதனால் நமக்கு −c/a, −c/b. அவர்கள் சூத்திரத்தில் நம் c-யைப் போட்டால் குறி புரளத்தான் செய்யும்.

போதாக்குறைக்கு y = mx + c-யில் இருக்கும் c வேறு ஆள். அது நேரடியாக y வெட்டுத்துண்டு. கொடுத்த சமன்பாட்டிலேயே −5/2 இருக்கிறது, பார். 5/2 வந்தவுடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வரைபடத்தாள்:
எதற்கு இத்தனை சூத்திரம்? x-அச்சில் y = 0. −4y-ஐ விரலால் மறைத்துக்கொள்: 3x − 10 = 0, x = 10/3. அடுத்து 3x-ஐ மறை: −4y − 10 = 0, y = −5/2. மாறிலி எந்தப் பக்கம் இருந்தாலும் இது தப்பாது.

கடைசிபெஞ்சு:
சரியா வந்துவிட்டது அக்கா! ஆனால் 2x + 5y = 0-க்கு இரண்டும் 0 வருகிறதே?

வரைபடத்தாள்:
வரட்டும், அது ஆதிப்புள்ளி வழியே போகும் கோடு. x/a + y/b = 1 வடிவில் (இங்கே a, b என்பவை வெட்டுத்துண்டுகள்) மட்டும் இதை எழுத முடியாது; பின்னத்தின் பகுதியில் 0 வந்துவிடும். வரைய இன்னொரு புள்ளி எடு: x = 5 என்றால் y = −2. 2y − 8 = 0 மாதிரி கேட்டால் அது x-அச்சுக்கு இணை, அந்த அச்சை வெட்டாது. அதற்கு x வெட்டுத்துண்டு 0 என்று எழுதிவிடாதே, 'இல்லை' என்று எழுது.

சாக்பீஸ்:
ஒன்று விட்டுப்போனது. நீ முதலில் கேட்ட 3x − 4y − 10 = 0 கோடு அச்சுகளோடு உண்டாக்கும் முக்கோணத்தின் பரப்பு கேட்டால் குறியை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் எடு: ½ × 10/3 × 5/2 = 25/6 சதுர அலகு.