ஜெர்மனி மேனேஜர் ஒண்ணு சொல்றார், சென்னை டைரக்டர் ஒண்ணு சொல்றார், யாரு பக்கம் நிக்கறது?

நாவலூர்_பொண்ணு:
ஓஎம்ஆர்ல ஒரு வெளிநாட்டு கம்பெனில ஆறு வருஷமா இருக்கேன். சாலிட் லைன், அதாவது நேரடி பாஸ், ஜெர்மனி மேனேஜர்; டாட்டட் லைன், அதாவது ரெண்டாவதா பதில் சொல்ல வேண்டியவர், இங்க இருக்கற டைரக்டர். டெஸ்டிங் டீம் யாரு கைல இருக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆறு மாசமா இழுபறி, மீட்டிங்ல சிரிச்சுதான் பேசிக்கறாங்க ஆனா இடி எங்களுக்குதான், மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும். பிளானிங் ஷீட்ல என் பேரு ரெண்டு வரில இருக்கு, ரெண்டுலயும் நூறு பர்சென்ட், அதாவது ரெண்டு பேர் வேலைக்கும் என் முழு நேரமும். போன வாரம் ஜெர்மனிக்காரர் கேட்ட ரிலீஸை முடிச்சு குடுத்தேன், மறுநாள் காலைல டைரக்டர் கேபினுக்கு கூப்பிட்டு "நீ யாரோட ஆளு?"ன்னு நேராவே கேட்டார். பதில் வரல, தண்ணி பாட்டில் மூடிய திருகிக்கிட்டே நின்னேன். மார்ச்ல அப்ரைசல் வேற.

குரோம்பேட்டை_குமார்:
ரேட்டிங் போடறது யாரு? அவர் பக்கம் நில்லுங்க. அவ்ளோதான்.

பழைய_ஆட்டோமொபைல்காரன்:
சிஸ்டர், ஆளுங்களோட குணத்த விட, உரிமைய ஆரம்பத்துலயே சரியா பிரிக்காம விடறதுதான் இதுக்கு காரணம். நம்ம ஒரகடம் ரெனால்ட்-நிசான் கார் ஃபேக்டரியையே எடுத்துக்கோங்க. 1999ல ஜப்பான் கம்பெனி நிசான் கடன்ல மூழ்கிட்டிருந்தப்ப பிரான்ஸ் கம்பெனி ரெனால்ட் பணம் போட்டு தூக்கி விட்டுச்சு. அப்புறம் நிசான் அதிகமா கார் வித்த வருஷங்கள்லயும் ரெனால்ட் கிட்ட நிசானோட 43.4 சதவீதம், நிசான் கிட்ட ரெனால்ட்டோட 15 சதவீதம்தான், அதுக்கும் ஓட்டு கிடையாது. இது ஜப்பான் பக்கம் புகைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. 2018 நவம்பர்ல ரெண்டுக்கும் சேர்மனா இருந்த கார்லோஸ் கோன் டோக்கியோல கைதானார், புகார் கிளம்பினதே நிசானோட உள் விசாரணைல இருந்து, அவரோ ரெண்டையும் இன்னும் நெருக்கமா சேர்க்கப் போறேன்னுதான் என்னை கவுத்தாங்கன்னு சொன்னார். கடைசில 2023ல ரெண்டு பக்கமும் ஓட்டுரிமை 15க்கு 15ன்னு சமமாச்சு. 2025 மார்ச்ல ஒரகடத்துல நிசான் வச்சிருந்த 51 சதவீதத்தையும் ரெனால்ட்டே வாங்கிக்கறதா அறிவிச்சாங்க. பாரிஸ்லயும் யோகோஹாமாலயும் ஆரம்பிச்சது வண்டலூர்-வாலாஜாபாத் ரோடு வரைக்கும் வந்து நிக்குது பாருங்க.

உங்க ஆபீஸ்லயும் பிரியாம கெடக்கறது அந்த நூறு பர்சென்ட்தான். அதை பிரிக்கறது உங்க வேலை இல்ல. ரெண்டு பேரையும் ஒரே மெயில்ல போட்டு, இந்த ரெண்டுல எது முதல்லன்னு மட்டும் கேளுங்க.

வேளச்சேரி_மாலா:
மேல சொன்னது சரி, ஆனா திடுதிப்புனு மெயில் போடாதீங்க ப்ளீஸ். நான் ஒரு இடத்துல அப்படி போட்டு, டைரக்டர் என்னை கோள் சொல்றவன்னு நினைச்சுட்டார், ரெண்டு வருஷம் ப்ரமோஷன் வரல. முதல்ல தனித்தனியா நேர்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அப்புறம் மெயில். குமார் சொல்றத கேக்காதீங்க, ரேட்டிங் போடறவரை நம்பி சாஞ்சவங்க எத்தனை பேரு, கம்பெனி டீம்களை மாத்தி அமைக்கற ஒரே ரீஆர்க்ல நடுத்தெருவுக்கு வந்தாங்கன்னு பார்த்திருக்கேன்.

நாவலூர்_பொண்ணு:
மாலா அக்கா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். டைரக்டர் கிட்ட நேர்ல சொன்னப்ப கை நடுங்குச்சு, அவர் "ம்"னு மட்டும் சொன்னார். ஜெர்மனிக்காரர் கால்ல பொறுமையா கேட்டார். அப்புறம் ரெண்டே வரில மெயில் போட்டேன். பதில் இன்னும் வரல, ஆனா வெள்ளிக்கிழமை மூணு பேருக்கும் கால் போட்டிருக்காங்க. இன்னிக்கு ஷீட்ட திறந்தா ரெண்டு வரிலயும் ஐம்பதுன்னு மாறியிருக்கு.