கனச்சதுரமா, கனச்செவ்வகமா? படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

தக்கலை அப்பா:
வணக்கம். மகள் ஆறாம் வகுப்பு. பரீட்சைத் தாளில் ஒரு பெட்டியின் படம், முன்பக்கம் நல்ல சதுரம், பின்னால் சாய்கோடு போட்டு ஆழம் காட்டியிருக்கிறார்கள், அளவு எதுவும் எழுதவில்லை. இவள் கனச்சதுரம் என்று எழுத, தப்பு என்று ஒரு மார்க் போய்விட்டது. ஸ்கேல் வைத்து அளந்தால் சாய்கோடு குட்டையாக இருக்கிறது, அதனால் கனச்செவ்வகம் என்று சொன்னார்களாம். ஆனால் அவள் வைத்திருக்கிற புத்தகத்தில் கனச்சதுரம் என்று போட்ட படத்திலும் சாய்கோடு குட்டைதான்! இரண்டுக்கும் 6 முகம், 12 விளிம்பு, 8 உச்சி, எண்ணிப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் எதை வைத்துத்தான் பிரிப்பது?

மார்த்தாண்டம் கணக்கு டீச்சர்:
சார், கேள்விதான் அரைகுறை, பிள்ளையைத் திட்டாதீர்கள். தாளில் பெட்டி வரையும்போது ஆழத்தைச் சாய்த்து, வேண்டுமென்றே குறைத்து வரைவது வழக்கம், பாதி நீளமாகக்கூடப் போடுவார்கள், முழு நீளத்தையும் போட்டால் கண்ணுக்கு ஏதோ நீண்ட பெட்டி போலத் தெரியும். அதனால் படத்தை ஸ்கேலால் அளந்து முடிவு சொல்வது சரியில்லை. விளிம்பில் அளவு எழுதியிருக்க வேண்டும்.

பெட்டி கையில் இருந்தால் விஷயம் சுலபம். ஏதாவது ஒரு மூலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அங்கே மூன்று விளிம்புகள் சேரும், அதுதான் நீளம், அகலம், உயரம். மூன்றும் சமம் என்றால் கனச்சதுரம், ஒன்று மாறினாலும் இல்லை. மீதி 9 விளிம்பை அளக்கவே வேண்டாம், மூலையெல்லாம் செங்கோணமாக இருக்கிற பெட்டியில் ஒவ்வொரு அளவும் நான்கு விளிம்பில் வரும்.

நாகர்கோவில் சைட்காரன்:
ஒரு முகத்தைப் பார்த்து ஏமாறுவதற்குச் செங்கல்லே போதும் அண்ணே. மாடுலர் செங்கல் அளவு 19×9×9 செ.மீ. அதன் முனைப்பக்கம் 9×9, அச்சுச் சதுரம். சுவரில் முனை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி குறுக்கே வைத்த கல்லைப் பார்த்தால் கனச்சதுரம் என்றுதான் சொல்லத் தோன்றும், ஆனால் உள்ளே 19 செ.மீ. போகிறது. கான்கிரீட்டைச் சோதிக்க நாங்கள் வார்க்கிற கியூப் அப்படி இல்லை, 15 செ.மீ., எந்தப் பக்கம் புரட்டினாலும் அதே 15. அதைத் தண்ணீரில் போட்டு வைத்து 28ஆம் நாள் மெஷினில் அமுக்கி உடைப்பார்கள். பிள்ளைக்குக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் வேலை நடக்கிற இடத்தில் கேட்டுப் பாருங்கள், உடைந்த கியூப் ஓரமாகக் கிடக்கும்.

டீச்சர், எனக்கும் ஒரு சந்தேகம். இரண்டு முகம் சதுரமாக இருந்தால் போதாதா?

மார்த்தாண்டம் கணக்கு டீச்சர்:
எந்த இரண்டு என்பதைப் பொறுத்தது. எதிரெதிர் முகம் என்றால் போதாது, உங்கள் செங்கல்லே சாட்சி. ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்கிற பக்கத்து முகங்கள் இரண்டும் சதுரம் என்றால் கனச்சதுரம்தான். ஒன்று நீளமும் அகலமும் சமம் என்கிறது, மற்றது அகலமும் உயரமும் சமம் என்கிறது, அவ்வளவுதான்.

சாமிதோப்பு வாசி:
ஒரு எச்சரிக்கை. '12 விளிம்பும் சமம், ஆகவே கனச்சதுரம்' என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். செங்கோணம் இல்லாமல் சாய்ந்து நிற்கிற கட்டியிலும் 12 விளிம்பும் சமமாக இருக்கலாம், அப்போது ஆறு முகமும் சாய்சதுரமாக இருக்கும். கால்சைட் என்ற கனிமத்தின் படிகம் உடைகிறபோது முகங்கள் அப்படித்தான் சாய்வாக வரும். நம்ம புத்தளம், சாமிதோப்பு உப்பளத்து உப்பு வேறு ரகம். சின்னப் படிகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், மூலை எல்லாம் 90 டிகிரி. ஒரு பக்கம் கூடுதலாக வளர்ந்தால் நீளம் மாறி அது கனச்செவ்வகமாகிவிடும், கோணம் மட்டும் மாறாது.

தக்கலை அப்பா:
எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கேள்வித்தாளில் 'எல்லாக் கனச்சதுரங்களும் கனச்செவ்வகங்களே, சரியா தவறா' என்று இருக்கிறது. நான் தவறு என்றுதான் நினைத்தேன், விடைப்பட்டியலில் சரி என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா?

சைட்காரன்:
அச்சுப்பிழை இல்லை அண்ணே. சதுரமும் ஒருவகைச் செவ்வகம்தானே, அதே கணக்கு. கனச்செவ்வகம் என்றால் ஆறு முகமும் செவ்வகமாக இருக்க வேண்டும், மூன்று அளவும் வெவ்வேறாக இருந்தே தீர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் பரீட்சையில் வந்த அந்தப் படத்துக்குக் கனச்செவ்வகம் என்பது எப்படியும் தப்பாகாத விடை. ஆழம் சமமாக இருந்தாலும் கனச்செவ்வகம், இல்லாவிட்டாலும் கனச்செவ்வகம். கனச்சதுரம் என்று அடித்துச் சொல்லத்தான் அளவு வேண்டும். டீச்சர் கோபப்படக் கூடாது!

மார்த்தாண்டம் கணக்கு டீச்சர்:
கோபமில்லை, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் அது இல்லையே, சாய்கோடு குட்டை என்றல்லவா சொன்னார்கள். விடை சரி, காரணம் தப்பு. சார், மார்க்குக்காகப் போய் நிற்க வேண்டாம், அடுத்த தாளில் விளிம்பு அளவைப் போட்டுத் தரும்படி மட்டும் கேளுங்கள். பிள்ளையிடம் இதைக் கொடுங்கள்: ஒரே அளவுக் கனச்சதுரம் இரண்டை ஒட்டினால் கனச்செவ்வகம், அதைத் திரும்பக் கனச்சதுரமாக்க இன்னும் எத்தனை வேண்டும்?

தக்கலை அப்பா:
ஆறு என்கிறாள்.

மார்த்தாண்டம் கணக்கு டீச்சர்:
சரி. அதற்கு அடுத்த பெரியதைக் கட்ட மொத்தம் 27 வேண்டும், ஏன் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.