வீட்டுக் கணினியில் தளங்கள் திறக்கவில்லை: கோளாறு கூகுளிலா, இணைப்பிலா?

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மின்கட்டணம் கட்டவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் வீட்டிலுள்ள பழைய மேசைக் கணினியைப் பயன்படுத்துகிறேன். அதில் விண்டோஸ் 10 உள்ளது. அண்மைக் காலமாக, மின்தடைக்குப் பிறகு கணினியைப் போட்டால், எந்தத் தளத்தைத் திறந்தாலும் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைப் பக்கமே வருகிறது. அதில் சிறிய எழுத்தில் "நெட் எர் செர்ட் டேட் இன்வேலிட்" என்ற குறிப்பு உள்ளது. அதே வைஃபையில் என் கைப்பேசி நன்றாக வேலை செய்கிறது. பழைய இலக்கியத் தளம் ஒன்று மட்டும் கணினியிலும் திறக்கிறது. இணைப்பு தருபவர்கள் தங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை என்கிறார்கள். கூகுள் கெட்டுவிட்டதா? அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ வேண்டுமா?

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. எதையும் நீக்க வேண்டாம். திரையின் வலது கீழ்மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சனவரி 1, 2009 என்று காட்டுகிறது. இதற்கும் இணையத்திற்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 1:
உண்டு ஐயா, கோளாறே அதுதான். முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம். நீங்கள் திறக்கும் குரோம் என்பது உலாவி, அதாவது தளங்களைக் கொண்டுவந்து காட்டும் மென்பொருள். கூகுள் தேடல் என்பது தேடுபொறி. அதுவும் உலாவிக்குள் திறக்கும் ஓர் இணையதளம்தான். இரண்டையும் ஒரே நிறுவனம் தருவதால் பலரும் ஒன்றென்றே எண்ணுகிறார்கள். உங்கள் கைப்பேசி அதே வைஃபையில் இயங்குவதால் இணைப்பில் குறை இல்லை. எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் பழுதாவதும் நடக்காது. எஞ்சியிருப்பது உங்கள் கணினி மட்டுமே.

எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரிக்கு உலாவி செல்லும்போது, அந்தத் தளம் தன் அடையாளத்தை மெய்ப்பிக்க ஒரு மின்னணுச் சான்றிதழை அனுப்புகிறது. அதில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று குறித்திருக்கும். 2020 செப்டம்பர் முதல் வழங்கப்படும் பொதுச் சான்றிதழ்களின் காலம் 398 நாள்களைத் தாண்டக் கூடாது என்று முன்னணி உலாவிகள் விதித்தன; அதனால் இன்று புழக்கத்தில் உள்ளவை எல்லாம் அண்மையில் வழங்கப்பட்டவையே. 2009 ஆம் ஆண்டில் இருப்பதாக நம்பும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் நடைமுறைக்கே வராதவையாகத் தெரியும். எனவே உலாவி தடுத்துவிடுகிறது. நீங்கள் குறிப்பிட்ட இலக்கியத் தளம் எஸ் இல்லாத பழைய எச்டிடிபி முகவரியில் இருக்க வேண்டும். அங்கே சான்றிதழும் இல்லை, சோதனையும் இல்லை.

கடிகாரத்தின் மீது வலது சொடுக்கு செய்து, தேதி நேரம் மாற்றும் பக்கத்தைத் திறங்கள். நேர மண்டலத்தில் "சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி" என்ற வரி தேர்வாகியிருக்க வேண்டும். பிறகு இன்றைய தேதியையும் நேரத்தையும் நீங்களே இட்டு, உலாவியை மூடித் திறங்கள். வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்தாமல் விட்டுவிடுவதுண்டு.

மறுமொழி 2:
உலாவியின் கேஷையும் குக்கிகளையும் அழித்துப் பார்க்கலாமே? அப்படியும் வந்தால், எச்சரிக்கைப் பக்கத்திலேயே "அட்வான்ஸ்டு" என்பதை அழுத்தி உள்ளே போய்விடலாம்.

மறுமொழி 1:
நண்பரே, இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கேஷ் என்பது பக்கங்கள் விரைவாகத் திறப்பதற்காக உலாவி எடுத்துவைக்கும் படிகள்; குக்கி என்பது நீங்கள் உள்நுழைந்திருப்பது போன்றவற்றை நினைவில் வைக்கத் தளம் உங்கள் உலாவியில் இட்டுச்செல்லும் சிறு குறிப்பு. அவற்றை அழித்தாலும் தேதி மாறப்போவதில்லை. ஐயா எல்லாத் தளங்களிலும் மீண்டும் கடவுச்சொல் இட வேண்டிய தொல்லைதான் மிஞ்சும். எச்சரிக்கையைத் தாண்டிச் செல்வது அதைவிடத் தவறானது. பணம் புழங்கும் கணினியில் அந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால், உண்மையிலேயே போலித் தளம் வரும் நாளிலும் கை தானாக அதே பொத்தானுக்குப் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
தேதியை மாற்றியவுடன் எல்லாத் தளங்களும் திறந்துவிட்டன. மிக்க நன்றி. ஆனால் இது மின்தடைக்குப் பிறகு மீண்டும் வருமா? இன்னொரு ஐயமும் உண்டு: வங்கியின் பெயரைத் தேடலில் இட்டு, முதலில் வருவதைத்தான் நான் அழுத்துவது வழக்கம், அது சரியா?

மறுமொழி 3:
மீண்டும் வரும் ஐயா. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காத்துவைக்க, கணினிக்குள் இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையில் நாணயம் போன்ற வட்ட மின்கலம் ஒன்று இருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர் 2032 வகை, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. கணினியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கிய பிறகு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதியதை மாற்றச் சொல்லுங்கள். இதற்காகப் புதுக் கணினி வாங்கச் சொன்னால் கேட்க வேண்டாம்.

வங்கி குறித்து: தேடலில் முதலில் வருவது பல நேரங்களில் விளம்பரம், போலித் தளங்களும் அந்த வழியில் நுழைவதுண்டு. முகவரியை உலாவியின் மேலுள்ள முகவரிப் பட்டையில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்பதோடு வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்பதைப் பாருங்கள். இந்திய வங்கிகள் "டாட் பேங்க் டாட் இன்" (.bank.in) என முடியும் முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. வங்கியின் பெயர் முகவரியின் நடுவில் எங்கோ இருந்து, முடிவு வேறாக இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். சரியான முகவரி திறந்ததும் அதைப் புத்தகக்குறியாகச் சேமித்துவிட்டால், அடுத்த முறை தேடவே வேண்டியதில்லை.