புதுப்பிப்பு: ஊருக்கு வந்த உறவினரின் ஆஸ்பத்திரி பாக்கி, கையெழுத்துப் போட்டவர் கதி என்ன?

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு விருந்தாளியாக வந்த சித்தப்பா, தனியார் ஆஸ்பத்திரியில் பாக்கி வைத்துவிட்டால் அவரைத் தங்கவைத்த வீட்டுக்காரர் பொறுப்பா என்பதே முன்பு எழுதியது. உறவு என்பதாலோ, கூட்டிப்போய்ச் சேர்த்ததாலோ கடன் நம் தலையில் விழாது. பிறகு வந்த கேள்விகளெல்லாம் கையெழுத்தைச் சுற்றியே.

ஆபரேஷன் சம்மதத்தில் ‘உறவினர்’ என்று போடும் கையெழுத்து பணப் பொறுப்பு ஆகாது. ஆனால் அட்மிஷன் பாரத்தின் அடியில் பொடி எழுத்தில், ‘நோயாளி கட்டத் தவறினால் முழுத் தொகையும் நான் செலுத்துவேன்’ என்று இருந்தால் அது ஜாமீன், அதாவது அவருடைய கடனுக்கு நீங்கள் தரும் உத்தரவாதம். 1872 ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி, வேறு விதமாக எழுதாதவரை ஜாமீன்தாரருக்கும் கடனாளியின் அளவுக்கே பொறுப்பு. சித்தப்பாவை விட்டுவிட்டு உங்கள்மேல் மட்டுமே வழக்குப் போடலாம். கையெழுத்துப் போடும் முன்பே அந்த வரியை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலி செக் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது பவுன்ஸ் ஆனால் செலாவணி முறிச் சட்டம் 138இல் கிரிமினல் வழக்கு வரை போகும்.

போனில் மிரட்டினால் ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதாதீர்கள். ஒப்புக்கொண்டதாக அதையே காட்டுவார்கள். ஐட்டம்வாரியான பில்லும், நீங்கள் கையெழுத்திட்ட பாரத்தின் நகலும் கேட்டு பதிவுத் தபால் அனுப்புங்கள்.

நோயாளி இறந்துவிட்டால் வாரிசுகள் பொறுப்பு, அவர்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான்.

தொப்பூர் கணவாய் மாதிரி இடத்தில் சாலை விபத்து என்றால் முதலில், விபத்தில் சிக்கியவருக்கு இலவச சிகிச்சை தரும் தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று கேளுங்கள். வெளிமாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரம் அது பொருந்தும்.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் 15100க்கு அழையுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் அது.