ஸ்டீல் பேக்பிளேட்: கிணற்றில் இறங்கிச் சரிபார்க்கலாமா?

வைகைக்கரை:
ஸ்கூபா டைவிங்குக்குப் பழைய ஸ்டீல் பேக்பிளேட் (சிலிண்டரை முதுகில் தாங்கும் தகடு) ஒன்றும் விங்கும் (காற்று ஊதி மிதக்க வைக்கும் பை) வாங்கினேன். மதுரையில் வீட்டிலேயே பனியனோடு மாட்டிப் பார்த்து, வாரை இறுக்கி, மிச்சத்தை வெட்டி நுனியைத் தீயில் காட்டிவிட்டேன். போன மாதம் ராமேஸ்வரத்தில் 3 மி.மீ. வெட்சூட்டுக்கு (உடலை ஒட்டிய ரப்பர் உடை) மேல் போட்டால் அக்குளில் பிடிக்கிறது. கையைப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வைத் தொடவே முடியவில்லை. இப்போது புது வார் வாங்கிவிட்டேன். சோழவந்தானில் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் நிறைய கிடக்கிறது. வார், மூழ்குவதற்குக் கட்டும் ஈய எடை இரண்டையும் அங்கேயே பார்த்துவிடலாமா?

மன்னார் வளைகுடா:
வேண்டாம் தம்பி. கிணற்றில் இருப்பது நல்ல தண்ணீர். கடல்நீர் அதைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் கனம். உங்கள் உடம்பும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்றால், கிணற்றில் சரியாக மிதக்கிற ஈயத்தோடு கடலில் இறங்கினால் இரண்டரை கிலோ குறையும். டைவ் முடிகிற நேரத்தில், மேலே வருமுன் சற்று நிற்கவேண்டிய 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே போவீர்கள். ஆபத்து அங்கேதான்.

அப்புறம், நம் கடல் வெதுவெதுப்பான கடல். மெல்லிய வெட்சூட்டுக்கு ஸ்டீல் எதற்கு? அலுமினியம் பிளேட் ஒரு கிலோ கூட வராது. மிச்ச எடையை இடுப்பு பெல்ட்டில் ஈயமாகப் போட்டால், அவசரத்துக்குக் கழற்றி எறியலாம். பிளேட்டை எறிய முடியாது.

மேலூர்க் கிணறு:
அண்ணே, ஈயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஸ்டீல் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாம் எடுப்பது பெரும்பாலும் அலுமினிய சிலிண்டர். காற்று தீரத் தீர அது சுமார் 2 கிலோ மேலே தூக்கும். ஸ்டீல் பிளேட் 2.7 கிலோ, தண்ணீருக்குள் 2.3 வரும். அந்தத் தூக்கலை அதுவே அடக்கிவிடும். எடையும் முதுகில், நுரையீரலுக்கு நேராக விழுகிறது. இடுப்பில் ஈயம் கட்டினால் கால் தாழ்ந்து, மணலைக் கிளப்பிக்கொண்டே போகிறோம். பவளத்துப் பக்கம் போகிற யாரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

கிணறு வேண்டாம் என்பதும் சரியில்லை. வார் பார்க்கக் கிணறு போதும். தம்பி, இந்தத் தடவை வெட்சூட் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். வாரை மேல் துளைகளில் கோத்துத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். பிளேட்டின் மேல் விளிம்பு கழுத்தடியில், தோளுயரத்தில் நிற்கவேண்டும். நெஞ்சுக்கும் வாருக்கும் நடுவே கை முஷ்டி நுழைகிற அளவு தளர்வு விடுங்கள். தரையில் தொளதொள என்றுதான் தெரியும், பரவாயில்லை. பிளேட் தலைப்பக்கம் ஏறாமல் பிடிப்பது கவட்டு வாரின் (கால்களுக்கு நடுவே போகும் வார்) வேலை. தோள் வாரை இறுக்கி அதைச் செய்யப் போனதால்தான் உங்களுக்கு அக்குள் போனது.

தையல்காரர் சாக்பீஸால் ஒவ்வொரு ட்ரைகிளைடு (வாரைப் பிடித்து நிறுத்தும் உலோகக் கொக்கி) பக்கத்திலும் ஒரு கோடு போடுங்கள். வெட்ட வேண்டாம். முதல் ட்ரையலிலேயே துணியை வெட்டுகிற தையல்காரர் யாரும் இல்லை.

மன்னார் வளைகுடா:
முஷ்டி கணக்கு சரி. ஆனால் கிணற்றில் தனியாக இறங்காதீர்கள். அடியில் சேறு. கால் துடுப்பை ஒரு தடவை அடித்தாலே கலங்கி ஒன்றும் தெரியாமல் போகும். நல்ல தண்ணீரில் அதே சாமானோடு நீங்கள் இன்னும் கனமாக இருப்பீர்கள், அதை மறக்க வேண்டாம். மேலே ஒருவர், கூட இன்னொருவர், கயிறு. இது இல்லையென்றால் நீச்சல்குளத்துக்குப் போங்கள்.

வைகைக்கரை:
சரி அண்ணே, தனியாக இறங்க மாட்டேன். சித்தப்பா மகனும் கூட வருவான். இன்னொரு சந்தேகம். சிலிண்டர் இரண்டாவது தடவை மெல்ல வழுக்கிக் கீழே இறங்கியது. கேம் பேண்ட் (சிலிண்டரைப் பிளேட்டோடு இறுக்கும் பட்டை) பழசானதா?

மேலூர்க் கிணறு:
காய்ந்த பேண்டை இறுக்கினீர்களா? நைலான் நனைந்தால் கொஞ்சம் இளகும். முதலில் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, அப்புறம் இறுக்குங்கள். இரண்டு பேண்டும் போட்டபின் வால்வைப் பிடித்து மொத்தத்தையும் தூக்கிக் குலுக்குங்கள். அப்போதும் இறங்கினால் பேண்டை மாற்றுங்கள். விங், பிளேட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மடிந்து சிக்கவில்லை என்று ஊதிப் பாருங்கள். கவட்டு வாரின் வளையம் இடுப்பு பெல்ட்டில் கோத்திருக்கவேண்டும். இடுப்பு பெல்ட்டின் பக்கிளைத் திறந்தால் அது தானாக விழவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்துத் தடவை திறந்து பாருங்கள்.

மன்னார் வளைகுடா:
பக்கிளில் எனக்கும் அதே கருத்து. ஸ்டீலில் இன்னும் இல்லை. கழற்றிப் போட முடியாத எடையோடு புதியவரை இறக்க எனக்கு மனசு வராது.

மேலூர்க் கிணறு:
முழு சிலிண்டரில் இருக்கிற காற்று 2.7 கிலோதான் அண்ணே. கடைசியில் சரியாக மிதக்கிற மாதிரி எடை வைத்தால், ஆரம்பத்தில் அவ்வளவுதான் கூடுதல். விங் வேலை செய்யாவிட்டாலும் துடுப்படித்தே மேலே வரலாம். அளவுக்கு மேல் எடை ஏற்றினால்தான் பிரச்சினை, அது ஈயத்திலும் உண்டு.

மன்னார் வளைகுடா:
அப்படியென்றால் அந்த அளவைக் கடலில் பார்த்துச் சொல்லட்டும். சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் மிச்சமிருக்கையில், விங் காலி, 5 மீட்டரில் மூச்சை நிதானமாக விட்டு நிற்கட்டும். நின்றால் ஸ்டீலோடே போகட்டும்.

வைகைக்கரை:
ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான், வார் மட்டும். நுனியில் ஒரு சாண் விட்டுவைக்கிறேன். ராமேஸ்வரத்தில் ஒரு கிலோ ஈயத்தைப் படகில் தனியே வைத்து, 50 பாரில் பார்த்துவிட்டு எத்தனை கிலோ என்று இங்கே எழுதுகிறேன்.