‘கிங் லியர்’ நாடகத்தின் கடைசி வரிகளைப் பேசுவது யார்?

கேள்வி:
ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தை இரு பதிப்புகளில் ஒப்பிட்டுப் படித்து வருகிறேன். நாடகத்தை முடித்துவைக்கும் வரிகளை ஒன்றில் லியரின் மூத்த மருமகன் ஆல்பனி பேசுகிறான். மற்றொன்றில் அவையே இளம் பிரபு எட்கரின் வாயில் வருகின்றன. மூன்றாம் அங்கத்தில், பித்தேறிய மன்னன் எதிரில் இல்லாத தன் மகள்களைக் கூண்டிலேற்றி விசாரிக்கும் பகுதியும் பின்னதில் இல்லை. இவை அச்சுப்பிழைகளா, பிற்காலப் பதிப்பாசிரியர்களின் கைவேலையா? எதை மூலமாகக் கொள்வது?

மறுமொழி 1:
இரண்டுமே பழைய அச்சுகளில் உள்ளவைதாம். முதலாவது 1608-இல் லண்டனில் வெளிவந்த குவார்ட்டோ, அதாவது தாளை நான்காக மடித்துச் செய்த சிறு நூல். அடுத்தது, ஆசிரியர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, அவருடன் நடித்த ஹெமிங்ஸும் காண்டெல்லும் 1623-இல் கொண்டுவந்த ஃபோலியோ, அதாவது தாளை இரண்டாக மடித்துச் செய்த பெரிய தொகுப்பு நூல். குவார்ட்டோவின் ஏறத்தாழ 300 வரிகள் ஃபோலியோவில் இல்லை. ஃபோலியோவின் சுமார் 100 வரிகள் குவார்ட்டோவில் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைவிட லியரின் மரணமே கவனிக்கத்தக்கது. குவார்ட்டோவில் அவர் வெறும் ஓலமிட்டு, ‘நெஞ்சே, உடைந்துவிடு’ என்று தாமே வேண்டி இறக்கிறார். ஃபோலியோவிலோ, இறந்து கிடக்கும் இளைய மகள் கார்டீலியாவின் உதடுகளைப் பார்க்கும்படி சுற்றியிருப்போரை அழைத்துக்கொண்டே உயிர்விடுகிறார். நெஞ்சு உடையட்டும் என்னும் வரி, அவருடைய விசுவாசியான பிரபு கெண்ட்டுக்குப் போய்விடுகிறது. மகள் உயிரோடிருப்பதாக அவர் நம்பினாரா என்ற, இன்றும் ஓயாத விவாதத்துக்குக் காரணம் ஃபோலியோவில் மட்டுமே உள்ள அந்த வரிகள்தாம். இதை அச்சுக்கோப்பவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், எனினும் அச்சகத்தின் பங்கை அவ்வளவு எளிதில் கழித்துவிட முடியாது. குவார்ட்டோவை அச்சிட்ட நிக்கோலஸ் ஓக்ஸ் அதற்குமுன் நாடகம் எதையும் அச்சிட்டவரல்லர். செய்யுள் பல இடங்களில் உரைநடையாகக் கோக்கப்பட்டிருக்கிறது. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்தினார்கள். காகிதம் விலை மிகுந்தது என்பதால் திருத்தப்படாத தாள்களையும் வீசாமல் சேர்த்தே தைத்தார்கள். எனவே எஞ்சியுள்ள 12 பிரதிகளும் தமக்குள்ளேயே வேறுபடுகின்றன. லியரின் மூத்த மகள் கானரில் தன் கணவனை இகழும் வரி, திருத்தப்படாத தாளில் ‘என் கால் என் உடலை அபகரிக்கிறது’ என்றும், திருத்திய தாளில் ‘ஒரு முட்டாள் என் படுக்கையை அபகரிக்கிறான்’ என்றும், ஃபோலியோவில் ‘என் முட்டாள் என் உடலை’ என்றும் இருக்கிறது. திருத்தியவர் கையெழுத்துப்படியைப் பார்த்தாரா, ஊகித்தாரா என்பதை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே ஆராயத்தான் வேண்டும்.

மறுமொழி 3:
பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பதிப்பாசிரியர்கள் இரண்டையும் கலந்து ஒரே நாடகமாக்கி வந்தார்கள். 1986-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரண்டையும் தனித்தனியே அச்சிட்டது. மாற்றங்களை ஷேக்ஸ்பியரே செய்தாரா, நாடகக் குழுவினர் வெட்டினார்களா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே ஒரே மூலத்தைத் தேட வேண்டாம் என்பேன். மேடையேற்றுவதற்கு, இறுக்கமாக நகரும் ஃபோலியோவே ஏற்றது. அந்த விசாரணையை இழக்க மனமில்லாதவர்கள் குவார்ட்டோவை முழுமையாக, கலப்பின்றிப் படிக்கலாம்.